பன்னிரண்டு கேட்டால் ஆறு வரும்

1

ரோட்டர்டாமில் பாலத்தைத் தூக்கினால் ட்ராம் நின்றுவிடும். கீழே ஏதோ ஒரு படகு, அவசரமே இல்லாமல், மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போவது போலப் போகும். அது போய் முடிகிறவரை நாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சித்திரை மாதத்தில் ஒரு காலை அப்படி நின்றுகொண்டிருந்தபோது பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "உங்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது. வாசிக்க உள்நுழையவும்." அவ்வளவுதான். என்ன செய்தி, நல்லதா கெட்டதா, உட்கார்ந்து வாசிக்க வேண்டுமா நின்றுகொண்டே வாசிக்கலாமா, ஒன்றும் கிடையாது.

எனக்கு நாற்பத்தேழு வயது. சொந்த ஊர் தூத்துக்குடி. எங்கள் முப்பாட்டனார் ஒருவர் முத்துக் குளித்தவர், ஒரே மூச்சில் கடலடிக்குப் போய்ச் சிப்பி அள்ளிக்கொண்டு வருவார் என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். அவர் வம்சத்தில் வந்த நான் அந்த மின்னஞ்சலைத் திறக்க மூன்று முறை மூச்சு வாங்கினேன். கடவுச்சொல்லை இரண்டு தரம் தப்பாகப் போட்டேன். இன்னொரு தரம் தப்பாகப் போட்டால் கணக்கு முடங்கிவிடும் என்று எச்சரித்தது. முடங்கினால் நல்லதுதானே, செய்தியை வாசிக்க வேண்டாமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்தச் சபலத்திலேயே சரியான சொல்லைப் போட்டுத் தொலைத்துவிட்டேன்.

"மார்க்கெட்டிங் மற்றும் சப்ளை செயின் மேனேஜ்மென்ட், முதலாம் ஆண்டு, பகுதிநேரம்" என்று தலைப்பு. கீழே நாலே வரி. சப்ளை செயின் செய்முறைத் தேர்வில் நான் தேறவில்லை. மறுவாய்ப்பு ஒன்று உண்டு. அதற்கு இரண்டு வாரம் இருக்கிறது. அதிலும் தேறாவிட்டால் படிப்பைத் தொடர முடியாது. இப்படிக்கு, அன்புடன், தேர்வுக் குழு.

அந்த 'அன்புடன்'தான் என்னை மிகவும் பயமுறுத்தியது.

2

இந்த வயதில் உனக்கு எதற்கப்பா படிப்பு என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு இதுவரை சரியான பதில் சொன்னதில்லை. "அறிவு தாகம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். நம்புகிறவர்கள் நம்பலாம்.

உண்மை இதுதான். ஏழு வருடத்துக்கு முன்னால், தூத்துக்குடியில் கிளை வைத்திருந்த ஒரு சரக்குக் கம்பெனி என்னை இங்கே அழைத்து வந்தது. கப்பல் சரக்குக்கான காகிதங்களைச் சரிபார்ப்பது என் வேலை. இப்போது அந்த வேலையை ஒரு மென்பொருள் பார்க்கிறது. அது டீ குடிக்கப் போவதில்லை, காய்ச்சல் என்று படுப்பதில்லை. போன வருடம் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, காகிதப் பிரிவை மூடப்போகிறோம், திட்டமிடல் பிரிவில் உனக்கு இடம் வைத்திருக்கிறோம், ஆனால் அதற்கு இந்தப் பட்டம் வேண்டும், படிக்கச் சேர்ந்து முதலாம் ஆண்டு தேறினாலே போதும், நாற்காலியைத் தருகிறோம் என்றார். தேறாவிட்டால் என்று கேட்டேன். அவர் சிரித்தார். இங்கே மேலாளர் சிரித்தால் பதில் முடிந்தது என்று அர்த்தம்.

நாற்காலி போனால் வேலை போகும். வேலை போனால் குடியிருப்பு அனுமதி போகும். என் மனைவி ஸ்டெல்லாவின் அனுமதியும், மகள் ரெனியின் அனுமதியும் என் அனுமதியின் வாலில் கட்டியவை. ரெனிக்குப் பதினேழு வயது. பத்து வயதில் வந்தாள். அடுத்த வருடம் பள்ளி இறுதித் தேர்வு. அதற்கு ஒரு வருடம் முன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தூத்துக்குடியில் எந்த வகுப்பில் நடுவது?

நிரந்தர அனுமதி வாங்கியிருக்கலாமே என்பீர்கள். அதற்கு டச்சு பேச்சுத் தேர்வு உண்டு. இரண்டு முறை போய் இரண்டு முறையும் விழுந்தேன். எனக்கு டச்சு தெரியாது என்பதில்லை. மீன்கடையில் ஹெரிங் மீன் வாங்குகிற அளவுக்குத் தெரியும். (அதை அவர்கள் பச்சையாகத் தின்கிறார்கள். அதைப் பற்றி இங்கே வேண்டாம்.) அதிகாரி எதிரே உட்கார்ந்தால் சொற்கள் எல்லாம் ஓடிப்போய்விடும். குடியேற்ற அலுவலகத்துக்கு முதல்முறை போனபோது, எதிரே இருந்த அம்மாள் அன்பாக வரவேற்றார். வந்ததில் மகிழ்ச்சி என்று சொல்ல ரெனியிடம் பாடம் கேட்டு வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும், "எனக்குப் பயமாக இருக்கிறது" என்ற டச்சு வாக்கியம் வந்தது. இலக்கணப் பிழையே இல்லாமல். அந்த அம்மாள் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மின்னஞ்சல் வந்த அன்று வீட்டுக்குப் போன் செய்யவில்லை. தூத்துக்குடிக்குச் செய்தேன். அந்தோணி என்னோடு ஒரே அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருந்தவன். இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

"என்னலே, குரலு ஒரு மாதிரி இருக்கு?"

"ஃபெயிலாயிட்டேன் மாப்ள."

"எதுல?"

"சப்ளை செயின்ல."

அவனுக்குப் பின்னால் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது.

"இருவது வருஷம் ஹார்பர்ல கெடந்தவன் சப்ளை செயின்ல ஃபெயிலா? ஏலே, இத வெளிய சொல்லாத. நம்ம ஆபீஸ் பேரும்லா கெடும்."

"வீட்லயே சொல்லல."

"அதுவுஞ்சரி. அப்பிடி என்னத்தலே தப்பாப் பண்ணுன?"

"நம்ம ஊருல பண்ணுனதத்தான் பண்ணுனேன்."

3

நம் ஊரில் என்ன பண்ணுவோம் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

நானும் அந்தோணியும் இருந்தது ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம். யாராவது முந்திரியோ கருவாடோ தென்னை நாரோ வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றால், கப்பல் கம்பெனியின் யார்டுக்குப் போய்க் காலிக் கண்டெய்னர் பிடித்துக் கொடுப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. காலிக் கண்டெய்னருக்கு எப்போதும் தட்டுப்பாடு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆறு கண்டெய்னர் தேவைப்பட்டது. யார்டுக்குப் போய் ஆறு வேண்டும் என்று கேட்டேன். மூன்று கொடுத்தார்கள். பாதி முந்திரி கரையிலேயே நின்றது. கப்பல் எங்களைப் பார்க்காமல் கொழும்புக்குப் போய்விட்டது.

"ஆறு வேணும்னா ஆறா கேப்ப?" என்றான் அந்தோணி. "நீ யார்டுக்குப் போனியா, சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனம் சொல்லப் போனியா?"

அதற்குப் பிறகு ஆறு வேண்டும் என்றால் பன்னிரண்டு கேட்டேன். ஆறு வந்தது. பன்னிரண்டு கேட்கிறவனுக்கு ஆறுதான் தேவை என்று யார்டுக்காரருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எங்களுக்கும் தெரியும். சரக்கு அனுப்புகிற அண்ணாச்சிகளும் சளைத்தவர்கள் இல்லை. அவர்கள் ஆறு லோடு என்றால் நாங்கள் நான்கு என்று எடுத்துக்கொள்வோம். கப்பல் புதன்கிழமை என்றால் திங்கள்கிழமை என்று அவர்களிடம் சொல்வோம். செவ்வாய்க்கிழமை மதியம் லாரி வந்து நிற்கும். யாரும் யாரையும் ஏமாற்றியதாக நினைத்ததில்லை. எல்லோரும் ஒரே அளவில் பொய் சொன்னதால் சரக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. இருபது வருடம் இப்படியே ஓடியது. இது என் கைக்குள், வயிற்றுக்குள், கையெழுத்துக்குள் எல்லாம் போய் உட்கார்ந்துவிட்டது.

இனி பல்கலைக்கழகத்துக்கு வருவோம். செய்முறைத் தேர்வு என்பது ஒரு விளையாட்டு. வரிசையாக நான்கு மேசைகள். முதல் மேசை சில்லறைக் கடை. இரண்டாவது மொத்த வியாபாரி. மூன்றாவது கிடங்கு. நான்காவது ஆலை. விற்பது பீர். ஸ்டெல்லாவிடம் சொன்னபோது, "படிக்கப் போற எடத்துலயும் அதானா?" என்றாள். உண்மையான பீர் இல்லை. பெட்டிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் வில்லைகள்.

இரண்டு நிமிடம் ஒரு வாரம் என்று கணக்கு. வாரா வாரம் முன் மேசைக்காரர் எத்தனை பெட்டி வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதித் தருவார். கையிருப்பிலிருந்து அவருக்குக் கொடுத்துவிட்டு, நமக்கு எத்தனை வேண்டும் என்று பின் மேசைக்குச் சீட்டு எழுத வேண்டும். கேட்டது வந்து சேர இரண்டு வாரமாகும். சரக்கு தேங்கினால் புள்ளி குறையும். இல்லை என்று கையை விரித்தால் இரண்டு பங்கு குறையும். விதி ஒன்றுதான்: யாரும் பேசக்கூடாது. சீட்டு மட்டும்தான் போகலாம், வரலாம்.

எங்கள் குழுவில் கடைக்கு ஒரு போலந்துக்காரர். என் வயதுதான் இருக்கும். சாதாரணமாகவே பேசமாட்டார். இந்த ஆட்டத்துக்கென்றே பிறந்தவர். மொத்த வியாபாரி நான். எனக்குப் பின்னால் கிடங்கில் லின் என்ற வியட்நாம் பெண். ஆலையில் டான் என்ற டச்சு இளைஞன். எங்கள் ஆசிரியை பெயர் மரைக்கா. பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது இங்கே முறை. எனக்கு வாய் வராது. ஏதோ காயல்பட்டினத்து மரைக்காயர் வீட்டுக்குள் நுழைந்து பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல இருக்கும். அதனால் பெயரையும் சொல்லாமல் மேடமும் சொல்லாமல், "அது வந்து" என்று தொடங்குவேன்.

முதல் நான்கு வாரமும் போலந்துக்காரர் நான்கு நான்கு பெட்டியாகக் கேட்டார். ஐந்தாவது வாரம் எட்டு என்று எழுதித் தந்தார். எட்டைப் பார்த்ததும் கை தன்னால் பதினாறு என்று எழுதியது. பதினாறு கேட்டால்தானே எட்டு வரும். இரண்டு வாரம் ஒன்றும் சரியாக வரவில்லை. முப்பது எழுதினேன். அப்புறம் நாற்பது. இன்னொரு நாற்பது. எனக்குப் பின்னால் லினும் பயந்துபோய் அறுபது எழுதியிருக்கிறாள். டான் ஆலையை இரவும் பகலும் ஓட்டியிருக்கிறான்.

அப்புறம் எல்லாம் வரத் தொடங்கியது. பதினாறு கேட்ட இடத்தில் பதினாறு வந்தது. முப்பது கேட்ட இடத்தில் முப்பது. நாற்பது, நாற்பது. யாரும் வெட்டவே இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நான் கேட்டது கேட்டபடி முழுதாக வந்தது. மேசை கொள்ளாமல் நாற்காலியில் வைத்தேன். நாற்காலி கொள்ளாமல் மடியில் வைத்துக்கொண்டேன். போலந்துக்காரர் திரும்பிப் பார்த்தார். அவருக்கு இன்னும் எட்டுதான் வேண்டியிருந்தது.

"ஏன் நாற்பது?" என்று மரைக்கா கேட்டார்.

"பாதியாக வெட்டுவீர்கள் என்று நினைத்தேன்."

"யார் வெட்டுவார்கள்?"

முன்னால் ஒரு சின்னப் பயம் அசைந்தால் பின்னால் போகப் போகச் சாட்டை மாதிரி பெரிதாக வீசும் என்று அவர் பலகையில் வளைகோடு போட்டுக் காட்டினார். சாட்டையின் பிடி இருந்தது என் கையில். என் சீட்டுகளை அடுத்த வருட மாணவர்களுக்கு உதாரணமாகக் காட்டலாமா என்று கேட்டு ஒரு படிவமும் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். படிவம் என்று எதை நீட்டினாலும் நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன், அதுவும் பயம்தான்.

4

என்னை முழு மக்கு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மார்க்கெட்டிங் பாடத்தில் எனக்கு எட்டு மார்க். இங்கே பத்துக்கு எட்டு வாங்கினால் பக்கத்தில் இருப்பவர்கள் மரியாதையாக நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொள்வார்கள்.

கற்பனையாக ஒரு வாடிக்கையாளரை உருவாக்கு என்றார்கள். பெயர், வயது, ஆசைகள், அச்சங்கள். ஆசைகளுக்கு இரண்டு வரி எழுதினேன். அச்சங்களுக்கு ஒன்றரைப் பக்கம் ஆனது. நீல உறையில் வரும் வரிக் கடிதம். உறையே இல்லாமல் வரும் மின்னஞ்சல். தன் முதுகுக்குப் பின்னால் மகளும் மனைவியும் தாழ்ந்த குரலில் பேசுவது. சைக்கிளில் போகும்போது எதிர்க்காற்று. ஒருநாள் மகள் தமிழில் யோசிப்பதை நிறுத்திவிட்டாள் என்று தெரியவருவது, அல்லது எப்போதோ நிறுத்தியிருக்க அது தனக்குத் தெரியாமலே போவது. அவருக்கு ஹென்க் என்று டச்சுப் பெயர் வைத்தேன், யாரும் சந்தேகப்படக் கூடாதென்று. "நம்பும்படியான மனிதர்" என்று ஓரத்தில் குறித்துக் கொடுத்தார்கள்.

ரெனி பிறகு அதை வாசித்தாள். "இவருக்கு என்ன விக்கப்போறீங்க பப்பா?" என்று கேட்டாள். அதை நான் யோசிக்கவே இல்லை.

5

வீட்டில் நான் சொல்லி வைத்திருந்தது வேறு. ஒரு தேர்வு சரியாகப் போகவில்லை, ஆனால் இன்னும் மூன்று முறை எழுதலாம் என்று சொல்லியிருந்தேன். உள்ளது ஒரு முறை. ஒன்று என்று சொன்னால் பயந்துவிடுவார்கள். மூன்று என்றால் சோறு இறங்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். சீலா மீன் கிடைக்காத ஊரில் கானாங்கெளுத்தி வைத்து ஸ்டெல்லா குழம்பு வைத்திருந்தாள். ரெனி ஒரு காகிதத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுத்த வருட இறுதித் தேர்வுக்கான பாடங்களைப் பதிவு செய்யும் படிவம். பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிறவன், அன்றைக்குப் பேனாவை எடுக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"கையெழுத்துதான பப்பா கேக்கேன், கிட்னியா கேக்கேன்?"

"அடுத்த வாரம் போடுதேன்ளா. இன்னும் நாள் இருக்குல்லா."

"நாளைக்குக் குடுக்கணும்."

"அப்பா பரீட்ச முடியட்டும்."

"அதான் மூணு சான்ஸ் இருக்குன்னு சொன்னீங்கள்ல?"

நான் மீன் முள்ளை எடுக்கத் தொடங்கினேன். அந்தத் துண்டில் முள்ளே இல்லை. ஸ்டெல்லா குழம்புக் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள்.

"ஒண்ணுதான் இருக்கு," என்றாள் மகளிடம். "ஒங்கப்பா மூணுன்னா ஒண்ணு. அதுவும் இருக்கோ என்னவோ."

"ஒனக்கு யாரு சொன்னா? அந்தோணியா?"

"எனக்கு எதுக்கு அந்தோணி அண்ணன் சொல்லணும்? கல்யாணத்தன்னைக்கு மண்டபத்துக்கு ஆயிரம் பேரு வாராவன்னு சொன்னீய. வந்தது நானூறு. அன்னையிலேர்ந்து ஒங்க கணக்க வெட்டித்தான எடுத்துக்கிடுதேன்."

அப்புறம்தான் மற்றதெல்லாம் வெளியே வந்தது. ஸ்டெல்லா ஒரு மாதத்துக்கு முன்பே, தேர்வு முடிவு வருவதற்கும் முன்னால், அந்தோணியின் மனைவிக்குப் போன் செய்து, வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளையைப் பன்னிரண்டாம் வகுப்பில் சேர்ப்பார்களா என்று நம் ஊர்ப் பள்ளிகளில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரிந்தால் உடைந்துபோவேன் என்று சொல்லவில்லை. ரெனி தன் கைபேசியைத் திறந்து காட்டினாள். தமிழ் எழுத்துப் பயிற்சி. பத்து வயதோடு விட்டுப்போன எழுத்துகளைப் பள்ளி பஸ்ஸில் உட்கார்ந்து விரலால் எழுதி எழுதிப் பார்த்திருக்கிறாள், ஒருவேளை அங்கே போய்ப் பரீட்சை எழுத வேண்டிவந்தால் என்று. ழகரமும் றகரமும் மட்டும் இன்னும் கோணலாக வருகிறதாம். இதை அவள் தன் அம்மாவிடமும் சொல்லவில்லை.

மூன்று பேரும் மூன்று மேசையில் உட்கார்ந்து, பின்னால் இருப்பவர் பயந்துவிடக் கூடாதென்று தப்புத் தப்பாகச் சீட்டு எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம். பேசக்கூடாது என்று அங்கே மரைக்கா விதி போட்டார். எங்கள் வீட்டில் அந்த விதியை யார் போட்டது என்று தெரியவில்லை.

"ஒண்ணுதான் இருக்கு," என்று நானும் சொன்னேன். வாயிலிருந்து அந்த எண் வெளியே வர எவ்வளவு நேரம் எடுத்தது தெரியுமா? சொன்ன பிறகும் எழுந்துபோய்த் திருத்த வேண்டும் போல இருந்தது.

"ஜெயிக்க முடியுமா?" என்றாள் ரெனி.

"தெரியல."

"இதத்தான் மொதல்லயே சொல்லணும்," என்று சொல்லி ஸ்டெல்லா என் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள். படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். பேனாவில் குழம்பு பட்டு, என் பெயருக்குக் கீழே ஒரு மஞ்சள் ரேகை விழுந்தது. மறுநாள் ரெனி அதோடேயே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

6

மறுவாய்ப்பு அன்று காலை ட்ராமில் போகவில்லை. பாலத்தைத் தூக்கிவிட்டால் என்ன செய்வது? பாலம் இல்லாத சுற்றுவழியில் நடந்தே போனேன். ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்து, பூட்டிய கதவுக்கு வெளியே நின்றேன்.

நாலு பேருமே தேறவில்லை, அதனால் அதே குழு. அதே மேசைகள். எண்கள் மட்டும் வேறு. என் திட்டம் ஒன்றுதான்: எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் கேட்பது. கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? உயரத்தில் நிற்கிறவனிடம் கீழே பார்க்காதே என்று சொல்வதும் கேட்க எளிதாகத்தான் இருக்கும்.

முதல் சில வாரம் ஆறு, ஆறு என்று போனது. பிறகு போலந்துக்காரர் ஒன்பது என்று எழுதித் தந்தார். நானும் ஒன்பது என்று எழுதி லினிடம் கொடுத்தேன். சீட்டை வாங்கியவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதன் அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஐந்து பெட்டி வந்தது. மறுவாரம் நான்கு. போலந்துக்காரருக்குக் கொடுக்க முடியாமல் என் மேசையில் நிலுவைச் சீட்டுகள் சேர்ந்தன. மறுபடியும் ஐந்து. என் காதுக்குள் அந்தோணி பேசத் தொடங்கினான்: ஏலே, ஒம்பதுன்னா வெட்டத்தான் செய்வாவ, பதினெட்டா எழுது. பென்சிலால் பதினெட்டு என்று எழுதினேன். எழுதியதைப் பார்த்தேன். ரெனி பஸ்ஸில் உட்கார்ந்து ழகரம் எழுதுவது கண்ணுக்கு முன்னால் வந்தது. அழிப்பானை எடுத்துத் தேய்த்துவிட்டு ஒன்பது என்று எழுதினேன். தேய்த்த இடத்தில் காகிதம் கிழிந்து, ஒன்பதின் வால் ஓட்டைக்குள் விழுந்தது.

அடுத்த வாரமும் ஒன்பது. அதற்கடுத்த வாரமும் ஒன்பது. பொய் சொல்லும்போது எனக்கு வேர்ப்பதில்லை, இருபது வருடப் பழக்கம். உண்மையான எண்ணை எழுதும்போது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நிலுவைச் சீட்டுகள் கூடிக்கொண்டே போயின. புள்ளிகள் ஒழுகுவது எனக்குக் கேட்டது. எழுந்து நின்று லினைப் பார்த்து, "தாயே, சத்தியமா ஒன்பதுதான்" என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் விதிமீறல். வாயை இடது கையால் பொத்திக்கொண்டு வலது கையால் எழுதினேன்.

ஏழாவது ஒன்பதுக்குப் பிறகு ஒன்பது பெட்டி வந்தது. அப்புறம் பன்னிரண்டு. நிலுவை ஒவ்வொன்றாகக் கரைந்தது. ஆட்டம் முடிந்தபோது என் மேசையில் மிச்சமிருந்தது மூன்று வில்லை.

சீட்டுகளையெல்லாம் விரித்துப் பார்த்தோம். நான் ஒன்பது கேட்ட வாரங்களில் லின் ஆலையிடம் ஐந்தும் நான்குமாகத்தான் கேட்டிருக்கிறாள். ஏன் என்று மரைக்கா கேட்டார். லின் என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்பது போலச் சிரித்தாள்.

"போன முறை இவர் நாற்பது கேட்டார். தேவை எட்டுதான். அதனால் இந்த முறை ஒன்பது என்றால் நான்கு, ஐந்து இருக்கும் என்று நினைத்தேன்."

கடல் தாண்டி வந்து ஒரு வியட்நாம் பெண்ணை யார்டுக்காரர் ஆக்கிவிட்டேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"பிறகு ஏன் மாற்றிக்கொண்டாய்?" என்று மரைக்கா அவளிடம் கேட்டார்.

"இவர் ஒன்பதையே எழுதிக்கொண்டிருந்தார். பயந்தவர் என்றால் எண் ஏறிக்கொண்டே போயிருக்கும்."

நான் பயப்படவில்லை என்று என்னைப் பற்றி யாரோ சொன்னது என் ஆயுளில் அதுதான் முதல்முறை. மறுக்கவில்லை. சட்டையின் முதுகுப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன்.

"சரக்கு வராதபோது நீங்கள் ஏன் கூட்டிக் கேட்கவில்லை?" என்று மரைக்கா என்னிடம் கேட்டார்.

"அது வந்து," என்று தொடங்கினேன். "கூட்டியிருந்தால், என்னைப் பற்றி அவள் நினைத்தது சரியாகிவிடும்."

அவர் குறித்துக்கொண்டார். முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. இங்கே முகத்தில் எதுவும் எழுதமாட்டார்கள். எல்லாம் மின்னஞ்சலில்தான்.

7

பத்து நாள் கழித்து வந்தது. உங்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது. இந்த முறை நான் தனியாகத் திறக்கவில்லை. மூன்று பேரும் சோபாவில் உட்கார்ந்தோம். கடவுச்சொல்லை ரெனி போட்டாள். நான் ஸ்டெல்லாவின் தோளுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டேன்.

ஐந்தரை. இந்த நாட்டில் தேறுவதற்கு வேண்டியதும் ஐந்தரைதான். கரையைத் தொட்டுக்கொண்டு ஒதுங்கியிருக்கிறேன், ஒரு விரல் குறைந்திருந்தால் தண்ணீருக்குள். ஆரம்பத்தில் ஒழுகிய புள்ளிகளை வெட்டிவிட்டார்களாம். கடைசியில் சொன்ன பதிலுக்குக் கொஞ்சம் கொடுத்திருக்கிறார்களாம். மகள் வாசித்ததையும் நம்பாமல் ஸ்டெல்லா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே ஒருமுறை வாசித்தாள். அப்புறம் எழுந்துபோய் அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். கழுவுவதற்கு அங்கே பாத்திரம் எதுவும் இல்லை. நான் போகவில்லை. ரெனிதான் போய் அம்மாவின் பக்கத்தில் நின்றாள்.

திரும்பி வந்தவள் என் கல்லூரிப் பையைத் தூக்கினாள். இங்கே பள்ளி இறுதித் தேர்வில் தேறினால், வீட்டு முன்னால் கொடிக்கம்பத்தை நீட்டி, கொடியோடு புத்தகப் பையையும் கட்டித் தொங்கவிடுவார்கள். ஜூன் மாதத்தில் தெருவுக்குத் தெரு பை தொங்கும்.

"இது வெறும் ஃபர்ஸ்ட் இயர்ளா," என்றேன். "அதுவும் அஞ்சரை. இன்னும் மூணு வருஷம் கெடக்கு. பாக்கவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் பப்பா. அடுத்த வருஷம் என் பை. இப்ப ஒங்க பை."

அடுத்த வருடம் என்று அவள் சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. எங்கள் வீடு மூன்றாவது மாடி. கொடிக்கம்பம் கிடையாது. துணி காயப்போடும் கம்பை பால்கனியிலிருந்து நீட்டி, அதன் நுனியில் பையைக் கட்டிவிட்டார்கள் அம்மாவும் மகளும். காற்றில் அது தேரில் தொங்கும் துணித் தொம்பை மாதிரி ஆடியது. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. எங்கே எப்போது யார் கேட்பார்களோ என்று, எங்கள் மூன்று பேருடைய பாஸ்போர்ட்டும் அனுமதி அட்டைகளும் அந்தப் பைக்குள்தான் இருக்கின்றன.

சொன்னால் இறக்கிவிடுவார்கள். சந்தோஷமாக இருந்தார்கள். சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி ஓடி, பைக்கு நேர் கீழே தெருவில் நின்று, இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு மேலே பார்த்தேன்.

பக்கத்து வாசல் பெரியவர் நாயோடு வந்தார். பையைப் பார்த்தார். "வாழ்த்துகள். மகள் தேறிவிட்டாளா?" என்று டச்சில் கேட்டார்.

"இல்லை. நான்," என்றேன் டச்சில்.

அவர் என் நரைத்த தலையைப் பார்த்தார். ஏந்திய கைகளைப் பார்த்தார். காரணத்தைச் சொல்ல எனக்குத் தெரிந்த டச்சு போதாது. "காற்று," என்று மட்டும் சொன்னேன்.

அவர் தலையசைத்தார். நாயைக் கால்மாட்டில் உட்காரவைத்துவிட்டு, அவரும் என் பக்கத்தில் மேலே பார்த்தபடி நின்றுகொண்டார்.